மழுங்கிய பிளேடுதான் அதிகம் வெட்டுகிறது: காயமின்றிச் சவரம் செய்யும் முறை

இருபுறமும் முனையுள்ள பிளேடைப் பூட்டும் பழைய பாணி ரேசருக்கு மாறிய முதல் இரண்டு மாதங்களில், என் கழுத்தில் காயமில்லாத நாளே கிடையாது. கூர்மை அதிகமாக இருப்பதால்தான் வெட்டுகிறது என்று எண்ணி, ஒரே பிளேடைப் பத்து நாள் வரை ஓட்டினேன். காயம் கூடியதே தவிரக் குறையவில்லை. மழுங்கிய பிளேடு முடியை அறுக்காமல் இழுக்கிறது. இழுத்தவுடன் கை தன்னையறியாமல் அழுத்துகிறது. அழுத்தத்தில் தோல் பிளேடுக்கு முன்னால் மேடாக எழும்ப, வெட்டு அங்கேதான் விழுகிறது.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். மதுரையில் எங்கள் தெருவைப் போல போர் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு இது முக்கியம். அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து திரிந்துவிடுவதால், நுரை எழும்பாது. எழும்பினாலும் அரைக் கன்னம் முடிவதற்குள் அடங்கிவிடும். குழாயில் வைகைத் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து, சவரத்துக்கென ஒரு சொம்பு ஒதுக்குங்கள். முகத்தை நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஈரமாகவே விட்டால், முடி நீரை உறிஞ்சி இளகும். டியூப் கிரீமும் பிரஷ்ஷுமே என் தேர்வு; டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை மலைபோல் குவிந்தாலும், எனக்கு அது உதவியதில்லை.

பிளேடை அதன் குறுகிய ஓரங்களில் பிடித்துப் பூட்டி, இரு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டியிருந்தால், கைப்பிடியைத் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் அடுத்தது: முடி வளரும் திசை. முகத்தில் எல்லா முடியும் கீழ்நோக்கித்தான் வளர்கிறது என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் முடி வளர்ந்திருக்கும்போது, உலர்ந்த முகத்தை விரல் நுனியால் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிச் செல்வது வளரும் திசை, சொரசொரவென்று தடுப்பது எதிர்த்திசை. எனக்குத் தாடைக்குக் கீழே இடப்புறம் மேல்நோக்கியும், குரல்வளைக்கு அருகே காதுப் பக்கமாகவும் முடி வளர்ந்திருந்தது. நானோ எல்லா இடத்திலும் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் கழுத்தை வரைந்து, அம்புக்குறி போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "என்னங்க, இது மாட்டுத்தாவணி பஸ் ரூட்டா?" என்று மனைவி கேட்டாலும், காயம் அந்த வாரமே பாதியாகக் குறைந்தது.

இழுக்கும்போது ரேசரின் தலையைக் கன்னத்தில் படுக்க வைத்து, முடி அறுபடும் ஒலி கேட்கும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகைக் கோணம் அமையும். இரண்டு விரற்கடைக்கு மேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள். செல்லூரில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையின் பெரியவர், "தம்பி, ரேசரோட கனமே போதும், நீங்க அமுக்காதீங்க" என்றார். அவர் சொன்னதுதான் இந்தப் படியின் சாரம். எதிர்த்திசைச் சவரத்தைத் தொடக்கக்காரர்கள் முதல் ஒரு மாதம் தொடவே வேண்டாம்.

முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமான எஃகு ஏன் மழுங்குகிறது என்பதை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினர்: வளைந்த முடி ஒரு கோணத்தில் முட்டும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் முனை சிறு சில்லுகளாகப் பெயர்கிறது. மழுக்குவது முடிதான்; ஆகவே பிளேடைத் துண்டால் துடைத்துப் பாதுகாக்க முயலாதீர்கள். அது மேற்பூச்சைத்தான் கெடுக்கும். அலசி, உதறி, உலர விடுங்கள். எனக்கு நான்கு சவரம் தாங்கும். இழுப்பது போல் உணர்ந்தால், மூன்றாவதிலேயே மாற்றிவிடுவேன்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவுங்கள். எங்கே எரிகிறதோ, அங்கே அழுத்தியிருக்கிறீர்கள்.

பின்னர் சேர்த்தது: ஒரே பிளேடை அண்ணன் தம்பி பகிரலாமா என்று இருவர் கேட்டனர். கூடாது, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தின் வழியாகவும் மஞ்சள் காமாலை பி பரவும். பழைய பிளேடுகளை, மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்காமல் இருக்கும்.