பச்சைத் தண்ணீருக்குச் செடி வைத்தியம்

மொட்டை மாடித் தொட்டியில் கப்பி மீன் வளர்ப்பவர்களிடம் மே மாதத்தில் பேசிப் பாருங்கள். பாசிப் புலம்பல்தான் வரும். கடைக்குப் போனால் ஒரு குட்டி பாட்டிலைக் கொடுத்து, நான்கு சொட்டு போதும் என்பார்கள். செம்பு சேர்ந்த மருந்தாக இருந்தால் பாசியோடு நத்தையும் இறாலும் சேர்ந்தே போகும். நான் மருந்து ஊற்றுவதில்லை. செடியை நம்புகிறேன், அதையும் அளவோடுதான்.

நீருக்குள் வளரும் சில செடிகள் பாசியை அடக்கும் பொருள்களைக் கசியவிடுகின்றன. நன்கு ஆராயப்பட்டது மிரியோஃபில்லம். அது வெளிவிடும் பாலிஃபீனால்கள் நம் கடுக்காயின் துவர்ப்புக்கு உறவு. பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கப் பாசி வெளியே விடும் நொதியில் அவை ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். பாசியின் ஒளிச்சேர்க்கையையும் தடுக்கும். காரா என்பது வேறு வகை. கையில் கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும். கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். அவை டயட்டம் என்ற நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கையைக் குறைப்பதை 1982இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனைக்கும் காராவே பாசி இனத்தைச் சேர்ந்ததுதான்!

புதிதாகத் தொடங்குபவர்கள் ஹார்ன்வர்ட் என்ற நீர்ச்செடியை வாங்குங்கள். வேர் கிடையாது, மண் வேண்டாம், கிள்ளிப் போட்டாலே வளரும். உங்கள் வீட்டு போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு விடும் கடின நீர் என்றால் காராவையும் முயலலாம். சுண்ணாம்புச் சத்துள்ள நீர் அதற்குப் பிடிக்கும்.

பாசி கெட்டிப்படுவதற்கு முன்பே செடியைப் போட்டுவிடுங்கள். நான்கு கொத்து அழகுக்குத்தான் உதவும்; தொட்டியின் பாதியையாவது செடி நிரப்ப வேண்டும். கசியும் பொருள்களை பாக்டீரியாக்கள் விரைவில் சிதைத்துவிடுவதால், உயிருள்ள செடி தொடர்ந்து கசியவிட்டுக்கொண்டே இருந்தால்தான் பலன். அழுகிய தண்டுகளை அன்றன்றே எடுங்கள். அவை பாசிக்கு உரம். ஃபில்டரில் கரி இருந்தால் நீக்கிவிடுங்கள், அது பாலிஃபீனால்களையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இதெல்லாம் ரசாயனத்தின் வேலைதானா, செடியின் நிழலும் உணவுப் போட்டியும் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே நாளில், ஒரே தண்ணீரில் இரண்டு தொட்டிகளை நிரப்பி, ஒன்றில் மட்டும் செடி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டிலிருந்தும் தலா ஒரு கண்ணாடி பாட்டில் தண்ணீர் எடுங்கள். நெருக்கமான துணியில் இருமுறை வடிகட்டுவது முக்கியம். இல்லையென்றால் டாஃப்னியா என்ற குட்டி நீர்த்தெள்ளு உள்ளே புகுந்து பாசியைத் தின்னும். பெயர் செடிக்குப் போகும். பிறகு இரண்டிலும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் உள்ள 19:19:19 உரம் சம அளவில் ஒரு சிட்டிகை. செடி ஏற்கெனவே உண்டுவிட்ட சத்தை இது ஈடுகட்டும். பச்சைத் தண்ணீர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. வாயைத் துணியால் கட்டி, ஒரே ஜன்னலில் வையுங்கள். தினமும் கால் பங்கைக் கொட்டிவிட்டு, அந்தந்தத் தொட்டியின் நீரையே வடிகட்டி நிரப்புங்கள். செய்தித்தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். எந்த பாட்டிலில் எழுத்து முதலில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் செடி இல்லை, நிழலும் இல்லை; செடித் தொட்டி நீர் தாமதமாகப் பச்சையானால் கசிந்த பொருள்களின் வேலை என்று சொல்லலாம்.

வித்தியாசமே தெரியாமலும் போகலாம், அதில் வியப்பில்லை. நீலப்பச்சைப் பாசியும் டயட்டமும்தான் இந்தப் பொருள்களுக்கு எளிதில் மடங்கும். பச்சைப் பாசி பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். மாடித் தொட்டியைப் பச்சையாக்குவது பெரும்பாலும் அதுதான். நூல் நூலாகத் தொங்கும் பாசி செடியின் மேலேயே ஏறிக்கொள்ளும். அதைக் குச்சியில் சுற்றி எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. அங்கெல்லாம் செடியின் நிழலும் பசியும்தான் பெரும்பங்கு வேலை செய்கின்றன. ரசாயனம் துணைக்கு நிற்கிறது. மீனுக்குத் தீனியை அள்ளிக் கொட்டுகிறவருக்கு எந்தச் செடியும் கைகொடுக்காது.

தொட்டி முழுவதும் செடி அடைத்துக்கொண்டால் இரவில் ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது மூன்றில் ஒரு பங்கை அள்ளி எடுங்கள். எடுத்ததை வாழைக்கு அடியில் போடுங்கள். கால்வாயிலோ ஏரியிலோ வீசாதீர்கள்.