சண்டைக்கு முதல் மாதிரிப் போர்க்கப்பல்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தச் சண்டையில் கப்பல் நிஜமாகவே மூழ்கும். ரேடியோ கன்ட்ரோல் மாதிரிப் போர்க்கப்பல் சண்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். உண்மையான போர்க்கப்பலை 144இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டி, பக்கச் சுவர்களுக்கு மெல்லிய பால்சா மரத்தகடு ஒட்டுவார்கள். உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தில் சின்ன எஃகுக் குண்டுகள் பறக்கும், தகடு ஓட்டையாகும், தண்ணீர் ஏறும். பம்ப் இறைக்கிற வேகத்தை விடத் தண்ணீர் ஏறும் வேகம் கூடிவிட்டால் கப்பல் குளத்தின் அடிக்குப் போய்விடும். 1970களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய விளையாட்டு இது.

ஆகவே முதல் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது, "இது மூழ்கினால் எவ்வளவு சீக்கிரம் மறுபடியும் தண்ணீரில் இறக்கலாம்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் "எனக்குப் பிடித்த கப்பல் எது?" என்று மட்டும் கேட்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு தவறு உண்டு. எந்த விதிகளின்படி ஆடப் போகிறோம் என்று தெரியாமலே கப்பலை வாங்கிவிடுவது. இந்த விளையாட்டில் ஃபாஸ்ட் கன், பிக் கன் என்று இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ட்ரீட்டி என்ற பிரிவும் இருக்கிறது. ஃபாஸ்ட் கன்னில் பெரிய கப்பலும் சின்னக் கப்பலும் ஒரே அளவுக் குண்டைத்தான் சுடும். அது ஏர்கன்னில் போடும் 4.5 மில்லிமீட்டர் குண்டு. பக்கத் தகடும் எல்லாருக்கும் ஒரே கனம். கப்பல்கள் விறுவிறுவென்று ஓடும், பீரங்கிகள் பெரும்பாலும் ஒரே திசையைப் பார்த்து நிலையாக இருக்கும். பிக் கன்னில் அசல் கப்பலின் பீரங்கி அளவுக்கு ஏற்பக் குண்டின் அளவும், அசல் கவசத்துக்கு ஏற்பத் தகட்டின் கனமும் மாறும். டரெட்கள் (பீரங்கிகள் பொருத்திய மேடைகள்) சுழலும், வேகம் குறைவு. ஒன்றுக்காகக் கட்டிய கப்பலை அப்படியே மற்றதில் இறக்க முடியாது. நீங்கள் போகக்கூடிய குளத்தில் எது நடக்கிறது என்று பார்த்து, ஒரு நாள் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கப்பலைப் பற்றி யோசியுங்கள்.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மாதிரியை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் சரிவராது. அவை பெரும்பாலும் 1:200, 1:350 அளவுகளில் வருபவை. அளவும் பொருந்தாது, அந்தச் சுவரும் விதி கேட்கிறபடி துளைபடாது. ஏவுகணைக் காலத்துக் கப்பல்களுக்கும் இங்கே இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரண்டாம் உலகப் போர்க் காலம் வரையிலான கப்பல்கள்தான் களத்தில் இறங்கும்.

இனி அளவுக்கு வருவோம். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு சின்னக் கணக்கு போதும். நீளத்தை 144ஆல் வகுக்க வேண்டும். எடையை 144ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும், அது ஏறத்தாழ 30 லட்சம். அதாவது அசல் கப்பலின் ஒவ்வொரு 3,000 டன்னுக்கும் மாதிரியில் ஒரு கிலோ.

இதை வைத்து அமெரிக்காவின் ஃபிளெட்சர் வகை டிஸ்ட்ராயரை (சிறிய, வேகமான போர்க்கப்பல்) பாருங்கள். அசல் நீளம் சுமார் 115 மீட்டர், மாதிரி 80 சென்டிமீட்டர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் முழுச் சுமையோடு அசல் எடை 2,500 டன் அளவுதான். மாதிரியின் மொத்த எடை ஒரு கிலோவைக்கூட எட்டாது. அதற்குள் பேட்டரி, மோட்டார், ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவர், சுக்கானை அசைக்கும் சர்வோ, வாயுக் குப்பி, பீரங்கி, பம்ப் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள், அது தனிக் கலை. முதல் கப்பலாக எடுத்தால் பாதியில் நின்றுபோக வாய்ப்பு அதிகம். "சின்னதிலிருந்து தொடங்கலாம்" என்பது பல விஷயங்களில் நல்ல யோசனை, இங்கே அது தலைகீழ். சிறிய கப்பல்தான் கடினமான கப்பல்.

மறுமுனையில் ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் யமாட்டோ நிற்கிறது. அசல் 263 மீட்டர், மாதிரி 1.83 மீட்டர். 72,000 டன்னுக்கு 24 கிலோ. உள்ளே இடத்துக்குப் பஞ்சமே இல்லை, கட்டுவதும் ஒரு வகையில் எளிது. ஆனால் அதைக் காரில் ஏற்றுவது, கரையிலிருந்து தனியாளாகத் தூக்கி இறக்குவது, தண்ணீர் நிரம்பி அடியில் கிடக்கும்போது வெளியே எடுப்பது, இதையெல்லாம் வாங்குமுன் யாரும் யோசிப்பதில்லை. எல்லாரும் முதலில் குறிவைக்கப் போவதும் அதைத்தான். கப்பல் ஓட்டவே இன்னும் பழகாதவருக்கு அது நியாயமில்லை.

என்னைக் கேட்டால், முதல் கப்பல் 1.1 முதல் 1.3 மீட்டர் நீளத்தில், 7 முதல் 11 கிலோவுக்குள் இருக்கட்டும். முதல் உலகப் போர்க் காலத்துப் பேட்டில்ஷிப்கள் பலவும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். பிரிட்டனின் டிரெட்நாட் 1.12 மீட்டர். அமெரிக்காவின் டெக்சாஸ் 1.21 மீட்டர். ஜெர்மனியின் பாடன் 1.25 மீட்டர், 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெயரில் பிஸ்மார்க் அளவுக்குப் பளபளப்பு இல்லைதான். ஆனால் தனியாளாகத் தூக்கிப் போகலாம், உள்ளே கை விட்டு வேலை பார்க்கவும் இடம் இருக்கும்.

நீளத்தோடு அகலத்தையும் பாருங்கள். பாடன் 180 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஆறுக்கு ஒன்று. அயோவா, ஹூட் போன்றவை எட்டுக்கு ஒன்றுக்கும் மேலே, ஊசி மாதிரி நீண்டவை. அசல் கடலில் அந்த நீளம் வேகம் தந்தது. குளத்தில் மாதிரியின் வேகத்தை விதிதான் தீர்மானிக்கிறது, அதனால் மிஞ்சுவது திரும்பும் திறன். குட்டையான, அகலமான கப்பல் சட்டென்று திரும்பும். பாடனிலும் டிரெட்நாட்டிலும் இருப்பதுபோல் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு சுக்கான்கள் இருந்தால் இன்னும் நல்லது. பல புதியவர்கள் பீரங்கிகளை எண்ணிவிட்டுச் சுக்கானைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். எதிரியின் பிடியிலிருந்து நழுவ முடியாத கப்பலில் எத்தனை பீரங்கி இருந்து என்ன?

பீரங்கிகளின் எண்ணிக்கையை விட அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது முக்கியம். பிரிட்டனின் நெல்சனைப் பாருங்கள், மூன்று பெரிய டரெட்களும் மேல்கட்டுக்கு (தளத்துக்கு மேலே எழும் கட்டுமானம்) முன்னால். படத்தில் கம்பீரமாக இருக்கும். ஆனால் நிலையான பீரங்கி உள்ள ஃபாஸ்ட் கன்னில், புதியவர் அதிக நேரம் செய்யப் போவது தப்பித்து ஓடுவது. துரத்தி வருகிறவரைப் பின்பக்கப் பீரங்கியால் சுடுவதுதான் முதலில் கைவரும் வித்தை. பின்னால் ஒரு நல்ல டரெட்டாவது உள்ள கப்பலை எடுங்கள்.

அப்புறம் மேல் எடை. ஜப்பானின் ஃபூசோவின் உயர்ந்த கோபுரம் போன்ற மேல்கட்டில் மயங்காதவர் குறைவு. அதைச் செதுக்கி, நுணுக்கமாக ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்கும்போது மேலே கணிசமான எடை சேர்ந்திருக்கும். தண்ணீர் புகாதவரை ஒன்றும் தெரியாது. கப்பலுக்குள் அரை லிட்டர் ஏறியதும் அது பக்கத்துக்குப் பக்கம் அலைய ஆரம்பிக்கும். கப்பல் திரும்பும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரே பக்கம் சரியும், மேலே இருக்கும் எடையும் அதே பக்கம் இழுக்கும், கப்பல் கவிழ்ந்துவிடும். பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி நடக்கும். இதற்குத்தான் அனுபவசாலிகள் அடித்தளத்தின் இரு ஓரங்களையும் பால்சாக் கட்டையாலோ நுரைப்பொருளாலோ நிரப்பி, நடுவில் ஒரு குறுகிய வாய்க்கால் விடுகிறார்கள். வரும் தண்ணீர் எல்லாம் அதன் வழியே நேராகப் பம்புக்குப் போகும். தேர்ந்தெடுக்கும் கப்பலில் இந்த வாய்க்காலுக்கு இடம் இருக்குமா என்று வரைபடத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மொத்த எடை கூடினாலும் நஷ்டம்தான். ஃபாஸ்ட் கன்னில் வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே விழும் ஓட்டைக்கு 10 புள்ளி, மட்டத்தில் விழுந்தால் 25, கீழே விழுந்தால் 50. கப்பல் கொஞ்சம் ஆழமாக மிதந்தால், 10 புள்ளியோடு போயிருக்க வேண்டிய ஓட்டை எதிரிக்கு 50 தரும், தண்ணீரும் கூடுதலாக ஏறும்.

பழைய கப்பலை வாங்குவது நல்ல வழி, நான் தயங்காமல் சொல்வேன். கட்டி முடிக்கும் மாதங்கள் மிச்சமாகும். ஆனால் மேசை மேல் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீரில் ஓட வேண்டும், பம்ப் இறைக்க வேண்டும், ஒவ்வொரு பீரங்கியும் கண்முன்னே சுட வேண்டும். அதே கப்பலை வைத்திருக்கும் வேறு ஒருவர் அந்தக் குளத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேட்டரி எங்கே வைப்பது, குப்பி எங்கே உட்காரும் என்று அவர் ஏற்கெனவே பட்டுத் தெரிந்து வைத்திருப்பார்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். இந்தக் குண்டுகள் கண்ணைப் பறிக்கும். பீரங்கியில் குண்டு இருக்கும்போது, வீட்டு மேசையில் சோதிக்கும்போதும் கூட, பாதுகாப்புக் கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டும். அருகில் நிற்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, மீட்பு மிதவை. கப்பல் மூழ்கும்போது தானாகப் பிரிந்து மேலே வரும் ஒரு சின்ன மிதவை, அதில் கட்டிய கயிறு, இவ்வளவுதான். இதற்குத் தளத்தில் தடையில்லாத ஓர் இடம் தேவை. மேல்கட்டு நெருக்கமாக உள்ள கப்பலில் மிதவை சிக்கிக்கொள்ளும், பிறகு கலங்கிய நீரில் காலால் துழாவ வேண்டியதுதான். கயிறு குளத்தின் ஆழத்தை விட நீளமாக இருக்கட்டும். ரிசீவரை நீர் புகாத டப்பாவில் வைத்திருந்தால், மேலே இழுத்து, தண்ணீரை வடித்து, ஓட்டைகளுக்கு மெல்லிய ஒட்டு போட்டு, வாயுவையும் குண்டையும் நிரப்பி, அன்றைய அடுத்த சண்டைக்கே இறக்கிவிடலாம்.