தாத்தாவின் டி.என்.ஏ. எங்கே முடிகிறது, பாட்டியுடையது எங்கே தொடங்குகிறது? எக்செல்லில் கண்டுபிடிக்கலாம்

அப்பா உங்களுக்குக் கொடுத்த குரோமோசோம் பெரும்பாலும் தாத்தாவுடையதையும் பாட்டியுடையதையும் வெட்டி ஒட்டியதாகத்தான் இருக்கும். இந்த வெட்டுக்குப் பாடப்புத்தகத்தில் குறுக்கெதிர் மாற்றம் என்று பெயர். ஐஸ்லாந்தில் காரி ஸ்டெஃபான்சன் 1996-ல் தொடங்கிய டிகோட் ஜெனிடிக்ஸ் என்ற மரபியல் ஆய்வு நிறுவனம், 2019-ல் வெளியிட்ட மரபணு வரைபடத்துக்காக இப்படிப்பட்ட வெட்டுகளை 45 லட்சத்துக்கும் மேல் கண்டுபிடித்தது. அதன் அடிப்படைக் கணக்கு எளிதுதான்.

படி 1: தரவு. மூன்று தலைமுறை வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த 17 பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் தரவு பொதுவில் இருக்கிறது. 'பிளாட்டினம் ஜீனோம்ஸ்' என்று தேடுங்கள். ஒரே ஒரு குரோமோசோமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முழுவதையும் திறந்தால் எக்செல் திணறும்.

படி 2: உதவும் இடங்களை மட்டும் வடிகட்டுங்கள். டி.என்.ஏ.வின் ஒவ்வோர் இடத்திலும் ஒருவரிடம் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் இரண்டு இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. நமக்கு வேண்டியது: அப்பாவிடம் இரண்டு வேறு எழுத்துகள், அம்மாவிடம் இரண்டும் ஒரே எழுத்து. மற்ற வரிசைகளைத் தூக்கிவிடலாம்.

படி 3: வண்ணம் பூசுங்கள். வேலை முழுக்க இங்கேதான். ஓரிடத்தில் அப்பா ஏ-ஜி, அம்மா ஏ-ஏ, குழந்தை ஏ-ஜி என்று வைத்துக்கொள்வோம். அம்மாவிடம் ஜி இல்லை, ஆகவே அது அப்பா கொடுத்தது. தாத்தா ஜி-ஜி, பாட்டி ஏ-ஏ என்றால் அது தாத்தாவின் ஜி. நீலம். அடுத்த இடத்தில் அப்பா சி-டி, அம்மா சி-சி, குழந்தை சி-சி. அப்பா கொடுத்தது சி. தாத்தா டி-டி, பாட்டி சி-சி என்றால் அது பாட்டியுடையது. மஞ்சள். தாத்தா பாட்டி இருவருமே சி-டி என்றால் எதுவும் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள்.

படி 4: நிறம் மாறும் இடத்தைக் குறியுங்கள். நீண்ட நீலத்துக்குப் பிறகு நீண்ட மஞ்சள் வந்தால், கடைசி நீலத்துக்கும் முதல் மஞ்சளுக்கும் நடுவே வெட்டு நடந்திருக்கிறது. நீலக் கூட்டத்துக்குள் ஒற்றை மஞ்சள் மட்டும் தலைகாட்டினால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அது டி.என்.ஏ. எழுத்துகளை வாசித்ததில் நேர்ந்த பிழை. சில சமயம் ஜீன் கன்வெர்ஷன் என்ற சின்ன ஒட்டு.

படி 5: சரிபாருங்கள். ஒரு குழந்தைக்கு எல்லாக் குரோமோசோம்களிலும் சேர்த்து அப்பா வழியில் சுமார் 26, அம்மா வழியில் சுமார் 42 வெட்டுகள் வரும். உங்களுக்கு நூற்றுக்கணக்கில் வந்தால் வடிகட்டலில் எங்கோ ஓட்டை. அம்மா வழிக்கு இதே படிகளை ஆளை மாற்றிச் செய்யுங்கள்.

அப்புறம், அந்த வெட்டுக்கு அருகே பெற்றோர் இருவரிடமும் இல்லாத எழுத்து குழந்தையிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிலிருந்து ஆயிரம் எழுத்துத் தூரத்துக்குள் புதிய பிறழ்வுகள் சராசரியைப் போலச் சுமார் 50 மடங்கு அதிகம் என்று காட்டியது அந்த 2019 ஆய்வு. ஆனால் ஒரே ஒரு குழந்தையின் தரவில் அப்படி ஒன்று கண்ணில் படுவது அபூர்வம். ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அத்தனை லட்சம் வெட்டுகள் தேவைப்பட்டது அதனால்தான்.