குளிரில் பொயிலர் நின்றுவிட்டால்: நம்மவர்கள் செய்யும் பிழைகள்

போன தை மாதம் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். கல்லடியில் விடியமுன் தொடங்கிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாடைக்காற்று மட்டும் ஓயவில்லை. அக்காவின் மகள் லண்டனிலிருந்து போன் எடுத்தாள். அங்கே விடியப்புறம் ஐந்தரை. "மாமா, பொயிலர் நிண்டுட்டு. றீசெற்றை ஆறேழு தரம் அமத்திப் பார்த்திட்டன். சின்னவன் ஜக்கெற்றோடயே படுத்துக் கிடக்கான்." காஸில் எரிந்து வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணியும் கொடுக்கும் பெட்டிதான் பொயிலர்.

"வெளியால போய் அந்த வெள்ளைப் பைப்பைப் பார்த்தியா மகள்?" என்று கேட்டேன். பார்க்கவில்லை.

18 வருசம் இங்கிலாந்தில் காஸ் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத தெரு குறைவு. அதனால் மார்கழி, தை வந்தால் களுவாஞ்சிகுடியில் இருக்கிற தாயின் மூலமோ, திருக்கோவிலில் இருக்கிற தமையனின் மூலமோ யாராவது என் நம்பரை வாங்கி எடுப்பார்கள். ஆட்கள் மாறுவார்கள், பிழைகள் மாறுவதில்லை.

முதல் பிழை றீசெற் பொத்தானில்தான் தொடங்குகிறது. குளிரில் நின்ற பொயிலர் பெரும்பாலும் உடைந்துபோனதல்ல. ஏதோ ஒன்று சரியில்லை என்று கண்டு, ஆபத்து வராமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. முகப்பில் ஓர் எழுத்தோ இலக்கமோ மின்னும். அமத்துவதற்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். கையேட்டில் அதற்கு அர்த்தம் இருக்கும். கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஒருதரம் அமத்திப் பாருங்கள். அதே குறியீடு திரும்பி வந்தால், காரணத்தைத் தேடாமல் மறுபடி அமத்துவதில் பயனில்லை. சில வகைகள் அடுத்தடுத்து அமத்தினால் கொஞ்ச நேரத்துக்கு றீசெற்றையே ஏற்காது.

இனி அந்த வெள்ளைப் பைப். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் பூட்டப்பட்ட காஸ் பொயிலர்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'கொண்டென்சிங்' வகை. எரிந்த புகையில் இருக்கிற நீராவியைத் தண்ணியாக்கி, அதிலிருக்கும் சூட்டையும் பிடித்து வீட்டுக்குக் கொடுக்கும். மிஞ்சுகிற தண்ணி, லேசான அமிலத்தன்மையோடு, ஒரு சிறு பிளாஸ்ரிக் பைப்பால் வெளியே போகும். பல வீடுகளில் அந்தப் பைப் சுவருக்கு வெளியால் ஓடி ஒரு கானில் முடியும். கடுங்குளிரில் அதற்குள் ஐஸ் கட்டினால் தண்ணி பின்னோக்கி நிரம்பும், பொயிலர் நிற்கும். பொயிலருக்குள் 'களக் களக்' என்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் இதுதான் என்று முக்கால்வாசி நம்பலாம். 2010 டிசம்பரில் பிரித்தானியாவில் நூறு வருசமாக எந்த டிசம்பரிலும் காணாத குளிர் அடித்தது. அந்த மாதம் நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பைப்தான்.

இங்கேதான் பெரிய பிழை நடக்கும்: கேற்றிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி கொண்டுபோய் ஊற்றுவது. குளிரில் விறைத்த பிளாஸ்ரிக்கில் கொதிதண்ணி பட்டால் வெடிக்கலாம். ஊற்றிய தண்ணி படிக்கட்டில் ஓடி, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போல உறைந்துவிடும். அப்படி ஊற்றிய ஒரு வீட்டில், நான் போய்ச் சேர்ந்தபோது பைப் நீளவாக்கில் பிளந்து கிடந்தது; அந்த வீட்டு மாமி வாசலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தா. கை பொறுக்கிற சூடு போதும். சுடுதண்ணிப் பையைப் பைப்பின் மேல் வையுங்கள், அல்லது இளஞ்சூட்டுத் தண்ணியை ஒரு ஜக்கால் மெல்ல மெல்ல ஊற்றுங்கள். வளைவுகளிலும் கானுக்குள் இறங்கும் நுனியிலும்தான் முதலில் உறையும், ஆகவே அந்த இடங்களில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். ஏணி வைத்து ஏற வேண்டிய உயரமென்றால் விடுங்கள். ஐஸ் இளகினால் தண்ணி குபுக்கென்று கானில் இறங்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு றீசெற்.

மருமகள் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்று மூன்று தரம் சுடுதண்ணிப் பையை மாற்றி வைத்தாள். போனை வைக்காமலே இருந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் பொயிலர் பற்றிக்கொண்டது. பிறகு அந்தப் பைப்பை 32 மில்லிமீற்றருக்கு மாற்றி, மேலே கறுப்பு உறையும் போடச் சொன்னேன். 21 மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய பைப் வெளியால் ஓடினால் அடுத்த குளிருக்கும் இதே கதைதான்.

அடுத்தது பிரஷர், அதாவது ஹீற்றிங் குழாய்களுக்குள் இருக்கும் தண்ணியின் அமுக்கம். மீற்றர் ஊசி, ஹீற்றிங் ஆறியிருக்கும்போது 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு நன்றாகக் கீழே இறங்கினால் பல பொயிலர்கள் எரியாது. அடியில் இருக்கும் பின்னல் குழாயின் வால்வைத் திறந்து தண்ணி விடலாம், வீட்டுக்காரரே செய்யக்கூடிய வேலை. ஆனால் திறந்தவர்கள் இறுக்கி மூட மறந்துவிடுகிறார்கள். பிரஷர் ஏறிக்கொண்டே போய் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, சுவருக்கு வெளியே தண்ணி கொட்டும். இன்னொன்று, கிழமைக்குக் கிழமை தண்ணி விட்டுக்கொண்டே இருப்பது. அது மூடிய சுற்று. தண்ணி குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது அல்லது உள்ளே ஒரு பாகம் போய்விட்டது. அறைச் சுவரில் சூடு தரும் ரேடியேற்றரின் மேல் பக்கம் குளிர்ந்து கீழ்ப் பக்கம் சுட்டால், நம் கிணற்று மோட்டருக்குப் போல அதற்கும் காற்றுப் பிடித்திருக்கிறது. ஹீற்றிங்கை நிறுத்தி ஆறவிட்டுத்தான் காற்றை வெளியேற்றும் சாவியைத் திருப்ப வேண்டும். காற்றை எடுத்த பிறகு பிரஷர் இறங்கும், திரும்பப் பாருங்கள்.

சுவரிலிருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற்றின் பற்றரி, ட்ரிப் சுவிற்ச், முற்பணம் போடும் காஸ் மீற்றரில் மிச்சம் இருக்கிறதா: இவை மூன்றையும் பார்க்க இரண்டு நிமிசம். பார்க்காமல் ஆளைக் கூப்பிட்டால் வந்த காசு கொடுக்க வேண்டும்.

எனக்கு நெஞ்சு பதறுகிற பிழை வேறு. பொயிலர் நின்றவுடன் காஸ் அடுப்பை நாலும் பற்றவைத்துக் குசினியைச் சூடாக்குவார்கள். ஒரு பச்சை உடம்புக்காரி வீட்டில் சட்டிக்குள் கரி மூட்டி அறைக்குள் வைத்திருந்ததைக் கண்டேன். பிள்ளைக்குத் தலைக்கு வார்த்துச் சிரட்டைத் தணலில் சாம்பிராணி பிடிக்கிற பழக்கத்தில் வந்தது அது. இங்கே ஓட்டு வீட்டில் கூரை இடுக்காலும் யன்னலாலும் காற்று ஓடும். அங்கே இரட்டைக் கண்ணாடி யன்னல், கதவிடுக்குக்கும் ரப்பர். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, ஓங்காளம், அசதி வந்தால் காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். காஸ் மணத்தாலோ, காபனோரொட்சைட்டு அலாரம் அடித்தாலோ 0800 111 999, பிரித்தானியாவில் 24 மணிநேரமும் எடுக்கலாம். காஸ் மணக்கும்போது லைற் சுவிற்சையும் தொடக்கூடாது.

பொயிலரின் மூடியைக் கழற்றாதீர்கள். "நம்மட பொடியன் ஒருத்தன் குறைஞ்ச காசுக்குச் செய்வான்" என்பதையும் விடுங்கள். 2009 இலிருந்து அங்கே காஸ் வேலை செய்பவர் 'காஸ் சேஃப்' (Gas Safe) பதிவில் இருக்க வேண்டும், அது சட்டம். அட்டையைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவல்ல. அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்றும் இருக்கும். வாடகை வீடென்றால் ஹீற்றிங்கும் சுடுதண்ணியும் திருத்துவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை, வருசத்துக்கு ஒருமுறை காஸ் சோதனையும் அவர் செய்விக்க வேண்டும். வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஒரு கிழமை குளிரில் கிடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எழுதிக் கேளுங்கள், எழுத்து ஆதாரமாக நிற்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கும் ஒரு சொல். காஸ் காசு மிச்சம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறார்கள். உறைபனியிலிருந்து தன்னைக் காக்கும் ஏற்பாடு பொயிலருக்குள் உண்டு, ஆனால் கரண்டும் காஸும் இருந்தால்தான் அது வேலை செய்யும். தேர்மோஸ்ராற்றை 12 பாகையளவில் விட்டு வாருங்கள். தெருத் தண்ணியை மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் காட்டி, ஒரு சாவியும் கொடுத்துவிட்டு வாருங்கள்.