கசெட்டில் கிடந்த கூத்தைப் போனில் கேட்க: வீட்டிலேயே ஒரு பாட்டுச் சேர்வர்

பெரிய மாமா அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்குபவராக, நின்று ஆட்டுவித்த வடமோடிக் கூத்தொன்று எங்கள் வீட்டில் கசெட்டில் இருந்தது. விடியவிடிய ஆடின கூத்து என்பதால் ஆறு கசெட், ஒவ்வொன்றும் 90 நிமிடம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி மட்டக்களப்புக் கல்லடிக்குக் கடல் வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டும் போயின. மேல்தட்டில் இருந்த நாலும் தப்பின. போன வருடம் அந்த நாலையும் கணினிக்கு ஏற்றி, அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். மத்தளம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "இது அண்ணன்ட குரல்தானே மனே" என்றா அம்மா. மாமா மோசம்போய்ப் பதினொரு வருடம்.

இந்தக் கூத்து எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் இல்லை. வைகாசியில் அம்மன் கோயிலில் பாடும் குளிர்த்திப் பாட்டை யாரோ ஒருவர் கசெட் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்திருப்பார், அதுவும் இல்லை. காத்தான்குடிக் கூட்டாளி ஒருவரின் வாப்பா பதிந்துவைத்த, ரபான் கொட்டிப் பாடும் பாட்டுகளும் இல்லை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. புதுப்பாட்டுக் கேட்க எனக்கு அது பிடிக்கும், இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே மாதாமாதம் நாம் கட்டுவது பாட்டின் விலை இல்லை, கேட்பதற்கான வாடகை. டவுன்லோட் செய்து வைத்த பாட்டுகூட, 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்குப் போய் வராவிட்டால் பாடாது. பாட்டுக் கம்பனிக்கும் சேவைக்கும் இடையில் ஒப்பந்தம் முடிந்தால், நாம் ஆசையாகச் சேர்த்த பட்டியலில் பாதி மங்கலாகிவிடும். கூகுள் பிளே மியூசிக்கில் நம்முடைய பாட்டுகளை 50,000 வரைக்கும் ஏற்றிவைக்கலாம் என்றிருந்தது. 2020 டிசெம்பரில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள்.

ஆகவே வாடகைப் பாட்டு ஒருபக்கம் இருக்கட்டும். நம்முடையதை நம் வீட்டில் ஒரு சேர்வரில், அதாவது மற்றக் கருவிகளுக்குப் பாட்டை அனுப்பும் கணினியில், வைத்துப் போனில் கேட்கிற மாதிரிச் செய்வோம். கணினியில் ஒரு மென்பொருளை இன்ஸ்டோல் பண்ணத் தெரிந்தால் போதும்.

வேண்டிய சாமான்

மூலையில் கிடக்கும் பழைய லப்டொப் ஒன்று. 4 ஜீபி ரம் இருந்தால் பாட்டுக்குத் தாராளம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், பிறகு இன்னொன்று. கசெட் இருந்தால் ஓடுகிற நிலையில் ஒரு கசெட் பிளேயரும், இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீற்றர் பின் உள்ள ஒரு வயரும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆனால் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. ஆயிரம் பாட்டு 12 ஜீபிதான். ஒரிஜினல் சீடியை ஒலி குறையாமல் ஃபிளாக் வடிவில் எடுத்தால் ஒரு சீடிக்கு 300 முதல் 400 எம்பி வரும். ஒரு டெராபைட் டிஸ்க் ஒரு குடும்பத்துக்குக் கணக்கில்லாமல் காணும்.

கசெட்டை ஏற்றுதல்

இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் பிழைத்தால் திரும்பச் செய்யலாம். அறுந்த நாடா திரும்பாது.

முதலில் கசெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருந்தால் பிளேயரில் போடாதீர்கள். அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். நாடாவுக்குப் பின்னால் ஒரு சிறிய பஞ்சுப்பட்டை இருக்கும், அது கழன்றிருந்தால் குரல் அமுங்கிக் கேட்கும். பழுதான வேறொரு கசெட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். காய்ந்த பிறகு கசெட்டைப் போட்டு, கடைசி வரைக்கும் ஓடவிட்டுத் திரும்பவும் சுற்றுங்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் இறுகிக் கிடந்த நாடா அப்போதுதான் இளகும்.

பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்புக்கு வயர் கொடுக்க வேண்டும். பல லப்டொப்புகளில் இருப்பது மைக்குக்கான துளை மட்டும், அதற்குள் ஹெட்போன் ஒலியை அனுப்பினால் கரகரவென்று வரும். யூஎஸ்பி ஒலி அடப்டர் ஒன்று வாங்குங்கள், வாங்கும்போது லைன்-இன், அதாவது பிளேயரின் ஒலியை வாங்கும் துளை, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானதில் மைக் துளைதான் இருக்கும்.

பதிவதற்கு ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள். 44,100 ஹேர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் உச்ச இடத்தை ஒருமுறை ஓடவிட்டு, அளவுமானி கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி பிளேயரின் சத்தத்தைக் குறையுங்கள். சிவப்புக்குப் போய்ப் பதிந்த ஒலியைப் பிறகு எதனாலும் திருத்த முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். பிறகு பதிவைத் தொடங்கி 45 நிமிடம் விட்டுவிடுங்கள். 16 பிட் வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 475 எம்பி வரும், ஃபிளாக்காகச் சேமித்தால் பாதியளவு.

முதல் கசெட்டில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். நாடாவின் இரைச்சல் பிடிக்காமல் ஒடாசிட்டியின் இரைச்சல் நீக்கியை 24 டெசிபலுக்கு வைத்தேன். இரைச்சல் போனது, கூடவே கூத்தில் போடும் கைத்தாளமான சல்லரியும் போய்விட்டது. சல்லரியின் கணீர் ஒலி இருக்கும் அதே உயர்ந்த அலைவரிசையில்தான் நாடாவின் இரைச்சலும் இருக்கிறது, மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். சதங்கையும் தகரத்தில் மணல் கொட்டினது போல ஆகிவிட்டது. இப்போது 6 டெசிபலுக்கு மேல் போவதில்லை. தொடாத மூலப்பதிவை எப்போதும் தனியாக வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் கைவைக்கிறேன். அந்தக் காலத்துச் செட்டில் ஒற்றை மைக்கால் பதிந்த கசெட் என்றால், ஸ்டீரியோவாக ஏற்றியதை ஒடாசிட்டியில் மொனோ ஆக்குங்கள். அதிலேயே இரைச்சல் கொஞ்சம் குறையும், சல்லரிக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு காப்பு, கட்டியகாரன் வரவு, ராசா வரவு என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தி லேபல் போடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது லேபல்படி பல கோப்புகளாகப் பிரித்துத் தரச் சொல்லலாம்.

சீடிக்கு இவ்வளவு பாடில்லை. ஃப்ரீயாக் என்ற மென்பொருளைத் திறந்து, சீடியைப் போட்டு, ஃபிளாக் என்று தெரிவுசெய்தால் அதுவே எடுத்துத் தரும். ஒரே சீடிக்குள் நூற்றைம்பது பாட்டைத் திணித்து விற்ற எம்பி3 சீடிகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அவற்றை ஃபிளாக்காக மாற்றினாலும் ஒலி கூடாது, இடம்தான் பிடிக்கும்.

பெயர் வைத்தல்

நம் ஆட்களுக்கு இங்கேதான் பெரிய சிக்கல். பழைய கணினிகளில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பெயரடித்து வைத்த கோப்புகள் இன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். போனில் அவற்றைத் தமிழில் தேடினால் ஒன்றும் வராது. பாமினியை யுனிகோட்டாக மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன. பெயர்களை அதில் மாற்றி, எல்லாவற்றையும் யுனிகோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பின் பெயர் வேறு, பாட்டின் பெயர், பாடியவர் என்று பாட்டுக்குள் எழுதப்படும் டேக் வேறு. சேர்வர் பார்ப்பது டேக்கைத்தான். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு அல்பத்தின் எல்லாப் பாட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாக எழுதலாம். தவறவிடக்கூடாத இடம் அல்பம் ஆர்ட்டிஸ்ட். ஒரு படத்தின் ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருப்பார்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் ஒரே அல்பம் துண்டுதுண்டாகச் சிதறி நிற்கும். ஆறிலும் இசையமைப்பாளரின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள்.

கூத்துக்கு நான் இப்படி எழுதுகிறேன்: அல்பம் என்ற இடத்தில் கூத்தின் பெயர், ஊர், ஆண்டு. அல்பம் ஆர்ட்டிஸ்ட் அண்ணாவியார். ஆர்ட்டிஸ்ட் என்பதில் அந்த இடத்தில் பாடுபவர். கொமென்ட் என்ற பெட்டியில் மத்தளம் யார், சல்லரி யார், பதிந்தவர் யார். இதைக் கணினிக்கு முன்னால் இருந்து எழுத முடியாது. அம்மாவையும் அந்தக் கூத்தில் ஆடின ஒரு பெரியவரையும் முற்றத்தில் இருத்தி, ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் கேட்டேன். மூன்று பின்னேரம் எடுத்தது. பதினேழு குரலில் பதினாலுக்குப் பெயர் கிடைத்தது. உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே இந்த வேலையை முதலில் செய்யுங்கள். சேர்வர் அடுத்த வருடம் வந்தாலும் காரியமில்லை.

ஒவ்வொரு அல்பத்துக்கும் ஒரு ஃபோல்டர், பாட்டுகளுக்கு முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கம். படமொன்றை அதே ஃபோல்டரில் கவர் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு வைத்தால் அட்டைப்படமாக வரும். நான் கசெட்டின் உறையில் மாமா பேனையால் எழுதினதையே படமெடுத்துப் போட்டிருக்கிறேன்.

சேர்வரை அமைத்தல்

ஜெலிஃபின் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. நவிட்ரோம் என்று பாட்டுக்கு மட்டுமேயான ஒன்றும் இருக்கிறது, அது இன்னும் இலேசானது. முதல்முறை செய்பவருக்கு நான் ஜெலிஃபினைத்தான் சொல்வேன், எல்லாமே உலாவிக்குள் கேள்வி பதிலாக முடிந்துவிடும்.

விண்டோஸ் லப்டொப்பில் அதை இன்ஸ்டோல் செய்து திறந்தால் மொழியைக் கேட்கும். பிறகு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், கடவுச்சொல்லை வெறுமையாக விடாதீர்கள். அடுத்து லைப்ரரி சேர்க்கச் சொல்லும். வகை என்பதில் மியூசிக்கைத் தெரிவுசெய்து, பாட்டு இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். இரண்டு லைப்ரரியாக வைப்பது நல்லது: வீட்டுப் பதிவுகள் ஒன்று, வாங்கின பாட்டுகள் ஒன்று. வீட்டுப் பதிவுகளுக்கு இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் தெரிவுகள் எல்லாவற்றிலும் சரி அடையாளத்தை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மாமாவின் பெயருக்கு வேறு யாருடைய படமாவது வந்து நிற்கும்.

விண்டோஸ் ஃபயர்வோல் கேட்டால் வீட்டு வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். லப்டொப்பை மூடினாலும் உறங்காதபடி பவர் செட்டிங்கில் மாற்றுங்கள். ரவுட்டரின் பக்கத்துக்குப் போய் அந்த லப்டொப்புக்கு எப்போதும் ஒரே ஐபி இலக்கம், அதாவது வலையமைப்பு முகவரி, கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன, ஆகவே பழைய லப்டொப்பில் அது இருந்தால் வங்கி வேலை, மின்னஞ்சல் ஒன்றும் அதில் வேண்டாம். லினக்ஸ் மின்ட் போடத் தெரிந்தால் இன்னும் நல்லது.

போனில் ஃபின்அம்ப் என்ற அப்பைப் போடுங்கள். அண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் இருக்கிறது. சேர்வர் முகவரி கேட்கும் இடத்தில் 192.168.1.20:8096 என்ற மாதிரி, உங்கள் லப்டொப்பின் ஐபியும் முக்காற்புள்ளியும் 8096உம் அடியுங்கள். உள்ளே போனதும் அட்டைப்படங்கள் வரிசையாகத் தெரியும். வீட்டு வைஃபையில் கேட்கும்வரை டேட்டா ஒரு துளியும் போகாது, இணையம் அறுந்தாலும் பாட்டு நிற்காது. பஸ்ஸில் கேட்க அல்பத்தை டவுன்லோட் செய்துகொள்ளலாம், அது 30 நாளில் காலாவதியாகாது.

வீட்டுக்கு வெளியே இருந்து கேட்க ரவுட்டரில் எந்தக் கதவையும் (போர்ட்) திறக்க வேண்டாம். டெய்ல்ஸ்கேல் என்ற அப்பை லப்டொப்பிலும் போனிலும் போட்டு ஒரே கணக்கால் நுழைந்தால், லப்டொப்புக்கு 100 என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். ஃபின்அம்ப்பில் அந்த முகவரியைக் கொடுங்கள். சிம் போட்ட 4ஜி ரவுட்டராக இருந்தாலும் வேலை செய்யும். வெளியே கேட்டால் 320 கேபிபிஎஸ் பாட்டு ஒரு மணித்தியாலத்துக்கு 144 எம்பி எடுக்கும். அப்பில் 128 ஆகக் குறைத்தால் 60 எம்பிக்குள் அடங்கும்.

கறண்ட் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 15 வாட் இழுக்கும் லப்டொப் இரவு பகலாக ஓடினாலும் மாதம் 11 யூனிட்தான். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் வெட்டின காலம் நமக்கு மறக்காது. லப்டொப்புக்குச் சொந்த பற்றரி இருப்பதால் சின்ன வெட்டுகளைத் தாங்கும், ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வேண்டும். பற்றரி வீங்கி அடிப்பக்கம் எழும்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அதோடு சேர்வரை ஓட்டக்கூடாது.

இரண்டு கரையிலும் ஒவ்வொன்று

சேர்வர் என்பது பிரதி எடுத்து வைத்ததாகாது. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நிற்கும், கடலும் ஆறும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முழு ஃபோல்டரையும் இரண்டாவது டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். பக்கத்து வளவில் அல்ல, வேறு ஊரில். எங்கள் சேர்வர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கல்லடியில் இருக்கிறது. பிரதி வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் தங்கச்சி வீட்டு அலுமாரியில், நெகிழிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்முனைப் பாலத்தால் போகும்போது லப்டொப்பையும் கொண்டுபோய்ப் புதிதாகச் சேர்ந்ததை அந்த டிஸ்க்கில் ஏற்றுவேன். ஏற்றிய பிறகு ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். பெயர் மட்டும் தெரிந்து உள்ளே பழுதாகிப்போன கோப்புகள் அப்போதுதான் பிடிபடும். போன முறை திறந்தது மூன்றாவது கசெட்டின் இரண்டாம் பக்கம். தங்கச்சியின் மகள் பக்கத்தில் வந்து இருந்து, சல்லரி போடுவது ஆர் என்று கேட்டாள். கொமென்ட் பெட்டியைத் திறந்து காட்டினேன்.