தமிழ்த் தரவை உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டாம்

ஈரோட்டில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகள், தமிழைக் கையாளும் நிரல் ப்ராஜெக்டுக்காக ஒரு வாரமாகத் தமிழ் வாக்கியங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஏஞ்சாமி இந்தப் பாடு?" என்றேன். எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறதே.

நிறைய உரை வேண்டுமா? தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் மொத்தமும் ஒரே சுருக்கிய கோப்பாக விக்கிமீடியாவின் டம்ப் (மொத்தமாக இறக்கிக்கொள்ளும்) பக்கத்தில் இருக்கின்றன. பழைய இலக்கியத்துக்கு, 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். பேச்சு ஒலிக்கு மொசில்லாவின் காமன் வாய்ஸ் தொகுப்பு. சொல்லுக்குச் சொல் இலக்கணக் குறிப்பு இட்ட வாக்கியங்களுக்கு, யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் என்ற பன்மொழித் திட்டத்தின் தமிழ் ட்ரீபேங்க் (அப்படிக் குறிப்பிட்ட வாக்கியத் தொகுப்பு), டிடிபி. 600 வாக்கியம்தான், சோதனைக்குப் போதும்.

எடுத்ததும் முதல் வேலை யூனிகோடை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டை, சீராக்குவது. 'கொ' என்ற எழுத்து ஒரு கோப்பில் க, ொ என இரண்டு குறிகளாகவும் இன்னொன்றில் க, ெ, ா என மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலுக்கு இரண்டும் வேறு. சொற்களை எண்ணினால் கணக்கு உதைக்கும். பைத்தான் நிரல்மொழியில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) முறையில் நார்மலைஸ் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் சரி.

அப்புறம், விக்கியிலும் இலக்கியத்திலும் இருப்பது எழுத்துத் தமிழ். நம் கொங்குப் பேச்சின் "ஏனுங்", "சரிங்" வேண்டுமென்றால் அனுமதி கேட்டுச் சந்தையில்தான் பதிவு செய்ய வேண்டும்.