சைடு-பை-சைடு வண்டி வாங்கப் போகிறீர்களா? ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

சைடு-பை-சைடு என்பது ஆட்கள் அருகருகே உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும், கரடுமுரடான நிலத்துக்கான நான்கு சக்கர வண்டி, பெரும்பாலும் பின்னால் சுமைத் தொட்டியும் இருக்கும். இரண்டு மூன்று மாடல்களின் விவரத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கண் முதலில் ஓடுவது ஹார்ஸ்பவரிடம்தான். வேலைக்காக வண்டி வாங்குபவருக்கு அந்தத் தாளிலேயே அதிகம் உதவாத எண் அதுதான் என்பேன். 80 எச்.பி. என்று போட்டிருந்தால், அது எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது கிடைப்பது. விறகு ஏற்றிக்கொண்டு ஈரமான மேட்டில் ஊர்ந்து ஏறும் நேரத்தில் எஞ்சின் அந்த வேகத்தில் சுழல்வதே இல்லை. அங்கே கை கொடுப்பவை குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசையும் லோ கியரும்தான். குபோட்டாவின் டீசல் ஆர்டிவி-எக்ஸ்1100சி 25 எச்.பி.யைக்கூடத் தொடாத வண்டி. ஹார்ஸ்பவரை மட்டும் பார்ப்பவர் அதை முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார். ஆனால் அது நாள் முழுக்கச் சுமை இழுப்பதற்கென்றே செய்த வண்டி.

இந்த வகை வண்டிகள் பிறந்ததே வேலைக்காகத்தான். கவாசாகி 1988-இல் கொண்டுவந்த வண்டிக்கு மியூல், அதாவது கோவேறு கழுதை என்றே பெயர் வைத்தது. பொழுதுபோக்குக்கான வேக வண்டிகள் பிறகு வந்தன. இன்று ஒரே ஷோரூமில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால், போலாரிஸின் ரேஞ்சரையும் ஆர்இசட்ஆரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. முன்னது சுமக்க, பின்னது பறக்க. "வேலைக்கும் ஆகும், ஜாலிக்கும் ஆகும்" என்று இடையில் நிற்கும் மாடல்களும் இருக்கின்றன. அவற்றை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஜாலி என்று முதலில் உங்களுக்கு நீங்களே நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சுமைக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

விவரத்தாளில் பின்தொட்டிக்கு ஓர் எண் இருக்கும், மொத்த பேலோடுக்கு, அதாவது வண்டி சுமக்கக்கூடிய முழு எடைக்கு, இன்னோர் எண் இருக்கும். பெரிய வண்டிகளில் தொட்டிக்கு 1,000 பவுண்டு, மொத்தத்துக்கு 1,500 பவுண்டு என்பதுபோல வரும். கிலோவில் சொன்னால் சுமார் 454, 680. பார்க்கிறவர் 454 கிலோ ஏற்றலாம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஆனால் மொத்த பேலோடு என்பதில் ஓட்டுநர், உடன் வருபவர்கள், பிறகு பூட்டிய சாதனங்கள் எல்லாமே அடக்கம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளுக்கு 80 கிலோ வீதம் மூன்று பேர், 240 கிலோ. கதவு, கண்ணாடியோடு மூடிய கேபின், வின்ச் (கம்பிவடம் சுற்றி இழுக்கும் கருவி), ஸ்டெப்னி டயர் எல்லாம் சேர்ந்து 150 கிலோ என்று வையுங்கள். 680-இல் 390 போனால் மிச்சம் 290. தொட்டி 454 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும், நீங்கள் ஏற்றக்கூடியது 290 கிலோதான். எதிரில் இருக்கும் மாடலின் தொட்டி அளவு சற்றுக் குறைவாகவும் மொத்த பேலோடு அதிகமாகவும் இருந்தால், உங்களுக்கு அதுவே பெரிய வண்டி. அப்புறம், எடை போட்டிருக்கும் இடத்தில் 'உலர் எடை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல், ஆயில் எதுவும் ஊற்றாத எடை அது. 40 லிட்டர் பெட்ரோலே கிட்டத்தட்ட 30 கிலோ. ஒரு நிறுவனம் உலர் எடையையும் மற்றது முழு எடையையும் சொல்லியிருந்தால், அந்த இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இழுவைத் திறனும் இதே கதைதான். 2,500 பவுண்டு, அதாவது 1,134 கிலோ இழுக்கும் என்றால், அது தொழிற்சாலை சொல்லும் மேல்வரம்பு. இழுக்குமா என்பது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை, நிற்குமா என்பதுதான் கேள்வி. வண்டியின் எடை பெரும்பாலும் 700-இலிருந்து 900 கிலோ. அதைவிடக் கனமான, தனி பிரேக் இல்லாத டிரெய்லர் சரிவில் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிரெய்லர் கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் பேலோடு கணக்கில்தான் சேரும்.

கியர்பாக்ஸை யாரும் கேட்பதில்லை

பெரும்பாலான சைடு-பை-சைடுகளில் இருப்பது பெல்ட்டில் ஓடும் சிவிடி, அதாவது வேகத்துக்கு ஏற்பத் தானே விகிதத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பு. எளிமையானது, எடை குறைவு, ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் ஹை கியரில் போட்டுக்கொண்டு கனமான சுமையோடு மெதுவாக ஊர்ந்தால் பெல்ட் வழுக்கும், சூடேறும், ரப்பர் கருகும் வாசம் வரும். இதில் வண்டியின் குறையைவிட ஓட்டுகிறவர் லோ கியருக்கு மாறாததுதான் பெரும்பாலும் காரணம். இருந்தாலும் உங்கள் வேலை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்றால் வேறு அமைப்புகளையும் பார்க்க வேண்டும். ஹோண்டா பயனியர் 1000-இல் பெல்ட்டே கிடையாது, கார்களில் வருவதுபோல இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். குபோட்டா ஆர்டிவி-எக்ஸ் வரிசையில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பு. இதில் காலை எடுத்தால் வண்டி தானே மட்டுப்படும், அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். விலையாகக் கொடுப்பது வேகம்.

சரிவில் இறங்கும்போது எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே வேகத்தை மட்டுப்படுத்தும் வசதி, இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சில சிவிடி வண்டிகளில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பெல்ட் பிடி தளர்ந்து, வண்டி தன் போக்கில் உருளும். அதே மூச்சில், பின் டிஃபரன்ஷியலைத் திறந்து வைக்கும் வசதி, அதாவது திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் வசதி, இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் புல்தரையில் வளைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் புல் பெயர்ந்து வரும்.

அகலம்

என்னைக் கேட்டால், ஒப்பீட்டை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கேட், கொட்டகை வாசல், டிரெய்லரின் உள்ளகலம் மூன்றையும் அளந்துவிடுங்கள். முழு அளவு வேலை வண்டிகள் பல 60 அங்குலத்தைத் தாண்டும். அமெரிக்க தேசிய வனங்களில் பல பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை, அதற்காகவே ஒடுக்கமான மாடல்கள் வந்தன.

சரி, அப்படியானால் ஒடுக்கமான வண்டியே வசதி என்று முடிவு கட்டவும் கூடாது. ஒடுக்கமும் உயரமும் சேர்ந்தால் கவிழும் அபாயம் கூடும். 2009-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹாவும் சேர்ந்து ரைனோ வண்டிகளுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தன. ரைனோ 450, 660 மாடல்களில் பின்சக்கரங்களுக்கு ஸ்பேசர் வைத்து அகலத்தைக் கூட்டினார்கள், இரு பக்க சஸ்பென்ஷனையும் இணைக்கும் பின்பக்க ஆன்டி-ஸ்வே கம்பியைக் கழற்றினார்கள். கவிழும் வாய்ப்பைக் குறைக்கத்தான் இத்தனையும். ஆகவே கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) அதிகம் என்று ஒரு மாடலுக்கு மதிப்பெண் போடும்போது, சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியில் உயரமாகச் சுமை அடுக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகும். இருக்கைகளைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. பெல்ட் போடாமல் கவிழ்ந்தால், அந்தக் கூண்டே ஆளின் மேல் விழலாம்.

இருக்கை எண்ணிக்கையில் சின்ன மயக்கம் ஒன்று உண்டு. மியூல் புரோ-எஃப்எக்ஸ்டி மாதிரி 3 பேரிலிருந்து 6 பேருக்கு மாறும் வண்டிகளில், பின்வரிசையை விரித்ததும் தொட்டி சுருங்கிவிடும். ஆறு பேர், முழுத் தொட்டி இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

மின்சார மாடல்களை ஒப்பிடுகிறவர்கள் பார்க்கும் ஒரே எண் ரேஞ்ச், அதாவது ஒரு முறை சார்ஜ் போட்டால் ஓடும் தூரம். ரேஞ்சர் எக்ஸ்பி கைனடிக் வந்தபோது 14.9 கிலோவாட்-மணி, 29.8 கிலோவாட்-மணி என்று இரண்டு பேட்டரிகளில் வந்தது. நிறுவனம் சொன்ன ரேஞ்ச் முறையே 45 மைல், 80 மைல். சுமை, சேறு, மேடு, குளிர் இவை ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். வண்டி நிற்கும் இடத்தில் சார்ஜ் போட வசதி இருந்து, நாளுக்குச் சில மைல்தான் ஓட்டம் என்றால் இவை அருமையான வண்டிகள். சத்தம் இல்லாததால் கால்நடைகளும் மிரளாது.

விலையைப் பொறுத்தவரை, மொட்டை வண்டியின் விலையோடு கூரை, கண்ணாடி, வின்ச் எல்லாம் பொருத்தி வரும் வண்டியின் விலையை ஒப்பிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சாதனங்களை இரண்டிலும் சேர்த்துப் பொருத்துக்கூலியோடு எழுதி வாங்குங்கள். பொதுச்சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பதை விற்பவரிடம் கேட்காமல் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம் முன்னாலுள்ள தார் பாதையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவது வீண். தொட்டியில் நாலைந்து மூட்டை ஏற்றச் சொல்லுங்கள். காலி வண்டியில் கட்டையாகத் தெரியும் சஸ்பென்ஷன், சுமையோடு ஓடும்போது இதமாக மாறும், சிலவற்றில் நேர் எதிராகவும் நடக்கும். லோ கியரில் ஊர்ந்து பாருங்கள், ரிவர்ஸில் ஒரு வளைவு எடுங்கள், ஏறி இறங்குவதைப் பத்து தடவை செய்யுங்கள். எஞ்சின் சூடு இருக்கைக்கு வருகிறதா, பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா என்றும் கவனியுங்கள். பழைய வண்டி என்றால் ஓடிய தூரத்தைவிட எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டர்தான் முக்கியம். தூரம் குறைவு, மணி மட்டும் அதிகம் என்றால் வண்டி நிறைய நேரம் ஐட்லிங்கில் நின்றிருக்கிறது, அல்லது ஊர்ந்தே உழைத்திருக்கிறது. அப்போது பெல்ட் உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.